சீட்டின் தலைப்பில் ஓர் எண்

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மருந்துக்கடையில் நீட்டுவதற்கு முன் அதன் தலைப்பை ஒருமுறை பாருங்கள். பெயர், பெயருக்குப் பின்னால் பட்டங்கள், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'பதிவு எண்' என்று ஓர் எண். பட்டங்களை ஆசையாகப் படிக்கும் நாம் அந்த எண்ணைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரியில் தேறிய ஒருவர் நம் நாடியைப் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பது அந்த எண் கிடைத்த பிறகுதான்.

மருத்துவத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? தையல்காரர் சட்டையைக் கெடுத்துவிட்டால் போட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அடுத்த முறை வேறு கடைக்குப் போவோம். உடம்பு விஷயத்தில் அப்படி முடியாது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று நமக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தாமாகவே அடங்குபவை. ஜலதோஷத்துக்கு 'மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்' என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஏழு நாளுக்குள் யார் எதைக் கொடுத்திருந்தாலும், குணமாக்கிய பெயர் அவருக்கே போகும். நல்ல மருத்துவர் கையிலும் நோயாளி இறப்பதுண்டு. ஆக, பிழைத்ததையும் இறந்ததையும் வைத்து வைத்தியரை எடைபோட நோயாளியால் இயலாது. அவரிடம் போவதற்கு முன்பே வேறு யாராவது அவரைச் சோதித்திருக்க வேண்டும்.

அந்த 'வேறு யாராவது' யார் என்பதில் இங்கிலாந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்டது. 1511இல் அந்த வேலை பிஷப்புகளிடம் இருந்தது. உரிமம் கொடுத்தது தேவாலயம். 1518இல் மன்னர் எட்டாம் ஹென்றி லண்டனில் மருத்துவர் கல்லூரியை நிறுவினார். பல்கலைக்கழகத்தில் படித்த மேல்தட்டு மருத்துவர்களின் சங்கம் அது. கத்தி பிடிக்கும் அறுவை வைத்தியர்கள் 1540 முதல் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தார்கள், 1745இல்தான் பிரிந்தார்கள். மருந்து இடித்து விற்பவர்களோ மளிகை வணிகர்களின் சங்கத்திலிருந்து 1617இல் தனியே வந்தவர்கள். நோயைச் சொல்ல ஒருவர், வெட்ட ஒருவர், மருந்து தர ஒருவர். பணக்காரர்கள் மூவரையும் அழைத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்து விற்பவரே எல்லாம்.

இங்கேதான் வில்லியம் ரோஸ் வழக்கு வருகிறது. ரோஸ் லண்டனில் மருந்து விற்றவர். ஜான் சீல் என்ற கசாப்புக்காரருக்கு அவர் மருந்து கொடுத்தார். பில் ஏறியதே தவிர சீலுக்குக் குணமாகவில்லை. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக மருத்துவர் கல்லூரி ரோஸ் மீது வழக்குத் தொடுத்து வென்றது. 1704இல், கடைசி மேல்முறையீட்டைக் கேட்கும் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பைத் திருப்பிப்போட்டது. மருத்துவர்களுக்கு மட்டுமே உரிமை என்றால் ஏழைகள் யாரிடம் போவார்கள் என்ற வாதம் எடுபட்டது. அதன்பின் மருந்து விற்பவர்கள் நோய் பார்த்து ஆலோசனை சொல்லலாம். ஆனால் கட்டணம் மருந்துக்கு மட்டுமே, ஆலோசனைக்குக் கிடையாது.

இந்த ஏற்பாடு என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். 'உங்களுக்கு ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள்' என்று சொன்னால் ஒரு காசும் தேறாது. இரண்டு பாட்டில் கஷாயம் கொடுத்தால் குடும்பம் நடக்கும். தேவைக்கு மேல் மருந்து எழுதுவதைத் தனி மனிதரின் பேராசையாக மட்டும் பார்ப்பது எனக்கு எப்போதும் போதாமலேயே படுகிறது. காசு வரும் வழி எப்படியோ, சிகிச்சையும் அப்படித்தான் வளைகிறது.

1815இல் வந்த சட்டம் மருந்து விற்பவர்களுக்கு ஐந்தாண்டுப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. ஆனாலும் உரிமம் தரும் அமைப்புகள் ஏறக்குறைய இருபது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடத்திட்டம், ஓர் எல்லை. பதினைந்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் தோற்றபின், 1858இல் மருத்துவச் சட்டம் நிறைவேறியது. அதன் முகவுரை நோக்கத்தை நேராகச் சொல்கிறது: மருத்துவ உதவி தேவைப்படுவோர், தகுதி பெற்றவரையும் பெறாதவரையும் பிரித்தறிய வழி செய்ய வேண்டும்.

அந்தச் சட்டம் போலி வைத்தியத்தைத் தடை செய்யவே இல்லை. யார் வேண்டுமானாலும் மருந்து கொடுக்கலாம் என்ற நிலை அப்படியே நீடித்தது. சட்டம் செய்தது, நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் போட்டதுதான். பட்டியலில் இருப்பவருக்குத்தான் அரசு மருத்துவமனையில் வேலை. சட்டப்படி தேவைப்படும் சான்றிதழில் அவர் கையெழுத்துதான் செல்லும். கட்டண பாக்கிக்கு அவரால்தான் நீதிமன்றம் போக முடியும். பட்டியலில் இல்லாதவர் இருப்பதாக நடித்தால் குற்றம். இவ்வளவும் சேர்ந்தபோது, பெயர் சேர்வதற்காகவே படிக்க வேண்டியதாயிற்று. கல்லூரிகளும் பட்டியலை நடத்திய பொது மருத்துவக் கவுன்சிலின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மருத்துவம், அறுவை, மகப்பேறு மூன்றிலும் தேறினால்தான் பதிவு என்ற விதி 1886இல் வந்தது. நாம் இன்று 'டாக்டர்' என்று அழைக்கும் ஆள், மூன்று சங்கங்களும் ஒருவருக்குள் கலந்து உருவானவர்.

பட்டியல் என்றால் வாசல் உண்டு. வாசலில் நிற்பவர்கள் யாரை விடுவது என்று முடிவு செய்வார்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு ஏற்கெனவே இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்தவர் என்ற விதிவிலக்கில் எலிசபெத் பிளாக்வெல் என்ற பெண் 1859இல் உள்ளே வந்தார். மருந்து விற்பவர் சங்கத்தின் விதியில் பெண்களைத் தடுக்கும் சொல் இல்லாததைப் பிடித்துக்கொண்டு எலிசபெத் காரெட் 1865இல் உரிமம் பெற்றார். உடனே சங்கம் விதியை மாற்றி அந்த வழியை மூடிவிட்டது. 1876இல் தனிச் சட்டம் வந்துதான் அது திறந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. சென்னைக்காரர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

பெயரைச் சேர்ப்பதைப் போலவே நீக்குவதும் கவுன்சிலின் கையில் இருந்தது. தாமஸ் ஆலின்சன் என்ற மருத்துவர் முழுக்கோதுமை ரொட்டியைப் பரிந்துரைத்தார், புகையிலையை எதிர்த்தார், அம்மை குத்துவதையும் எதிர்த்தார். சக மருத்துவர்களின் மருந்துகளை விஷம் என்று எழுதி, தம்மிடம் வரும்படி விளம்பரமும் செய்தார். 1892இல் அவர் பெயர் அடிக்கப்பட்டது. 1894இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். ரொட்டியில் சரி, தடுப்பூசியில் தவறு. கவுன்சில் அவரைத் தண்டித்ததோ இவை இரண்டுக்கும் அல்ல, தொழில் மரியாதையை மீறியதற்கு. தொழிலே தன்னைக் கண்காணித்துக்கொள்ளும்போது எது முதலில் உறுத்தும் என்பதற்கு இந்த வழக்கைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டியல் கப்பலேறி நம்மிடமும் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1914இல் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. 1930இல் லண்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. நம் கல்லூரிகளின் தரத்தைக் கடல் கடந்து ஒருவர் தீர்மானிப்பதா என்ற கேள்வி சூடானது. 1933 சட்டத்தின் மூலம் இந்திய மருத்துவக் கவுன்சில் பிறந்தது. 1956இல் வந்த சட்டம், 1964இல் திருத்தப்பட்டபோது, இங்கிலாந்து போகாத தூரம் போனது: மாநிலப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் நவீன மருத்துவம் பார்ப்பதே குற்றம். 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் அதற்குத் தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பதிவேடு ரகசியம் அல்ல. சீட்டில் இருக்கும் எண்ணையும் பெயரையும் வைத்து, அவர் பட்டியலில் இருக்கிறாரா என்று இன்று கைபேசியிலேயே தேடிப் பார்க்கலாம்.