இசைத்தட்டின் கரகரப்பு கேட்கிறதா?

செவித்திறன் பரிசோதனைக்கு வரும் இளைஞர்களிடம் என்ன இசை கேட்பீர்கள் என்று விசாரிப்பேன். அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் தன் இயர்போனையே எடுத்து நீட்டினார். 1990களின் நியூயார்க் ஹிப்ஹாப், அதாவது தாளத்தோடு பேசுவதுபோலப் பாடும் ராப் இசை. ஒரே பியானோத் துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அடியில் மங்கலான பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்கள். மேலே பழைய இசைத்தட்டின் கரகரப்பு. எனக்கும் மிகப் பிடித்த இசை அது.

அந்த இசையின் இருண்ட, மங்கலான ஒலிக்குக் கருவிகளின் போதாமையும் ஒரு காரணம். 1987இல் வந்த எஸ்பி-1200, ஒலித்துணுக்குகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் கருவி. அதில் மொத்தமே சுமார் 10 வினாடி ஒலியைத்தான் பதிய முடியும். இடத்தை மிச்சப்படுத்த, நிமிடத்துக்கு 33 முறை சுழல வேண்டிய இசைத்தட்டை 45 முறை சுழலும் வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவிக்குள் மெதுவாக்கினார்கள். துல்லியம் குறைந்த 12 பிட் ஒலியை அப்படி இழுத்ததும் அது சொரசொரத்து, புழுதி படிந்தாற்போல ஆனது. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த ஹேவக், அதே நகரின் ஸ்டேட்டன் ஐலண்டைச் சேர்ந்த ரிஸா போன்ற இசையமைப்பாளர்கள் இத்தகைய மங்கலையே அழகாக்கினார்கள். நிமிடத்துக்கு 90 தாளத்தட்டுகளை ஒட்டிய நிதான நடை, சோகம் தோய்ந்த சுரங்கள், பாடுபவரின் குரலுக்கு விட்டுவைத்த வெற்றிடம். இரவில் தனியாகக் கேட்டவர்களுக்கு அதன் ஈர்ப்பு தெரியும்.

சிக்கல் பேஸில் தொடங்குகிறது. ஒலி குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் சரியாக எட்டுவதில்லை. 1933இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிய இயல்பு இது. காதில் சரியாகப் பொருந்தாத இயர்போனும் ரயில் இரைச்சலும் சேர்ந்தால் மிச்ச பேஸும் போய்விடும். உடனே ஒலியைக் கூட்டுகிறோம். பேஸோடு மற்ற எல்லாமும் ஏறுகிறது. உட்செவியில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுரங்களை உணரும் பகுதி. தட்டின் கரகரப்பும் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் சிலிர்ப்பும் இருக்கும் இடம் ஏறக்குறைய அதுதான்.

அந்த மாணவரின் செவித்திறன் வரைபடத்தில் அங்கேதான் பள்ளம், அதாவது கேட்கும் திறன் குறைந்திருந்தது. கரகரப்பு முன்போலவே கேட்கிறதா என்றேன். "பழைய ஒலிப்பதிவு, அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம். காதை முழுதாக மூடும் ஹெட்போனை வாங்குங்கள். வெளி இரைச்சல் அடங்கினால் குறைந்த ஒலியிலேயே பேஸ் கிடைக்கும். கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் வந்து மறுநாளும் அடங்கவில்லை என்றால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.