ஹைட்ரஜன் போதாத நிலக்கரி

நிலக்கரியை எரித்தால் கரியமில வாயு வரும். சரி, எரிக்காமல் அதிலிருந்து மெத்தனால் என்ற ஆல்கஹாலைச் செய்தால்? அப்போதும் வரும், தாராளமாகவே வரும். ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறக்குறைய 3 டன். இயற்கை எரிவாயுவில் செய்தால் ஆலையிலிருந்து வெளியேறுவது பொதுவாக 1 டன்னுக்குள் அடங்கிவிடும்.

வித்தியாசம் ஹைட்ரஜனில் இருக்கிறது. எரிவாயுவின் மீத்தேனில் ஒரு கார்பன் அணுவுக்கு 4 ஹைட்ரஜன் அணு. மெத்தனாலிலும் அதே 4. நிலக்கரியிலோ ஒன்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. குறைகிற ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்துதான் பிடுங்க வேண்டும்.

முதலில் நிலக்கரியை ஆக்சிஜனும் நீராவியும் சேர்த்து, 1,300 டிகிரிக்கு மேல் வாயுவாக்குகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். முதலாவதில் 30 மூலக்கூறு, இரண்டாவதில் 15 என்று வைத்துக்கொள்வோம். மெத்தனாலுக்கு ஒரு கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு (தலா 2 அணு) என்ற விகிதம் வேண்டும். அதனால் 15 கார்பன் மோனாக்சைடை நீராவியோடு வினைபுரிய விடுகிறார்கள். தண்ணீரின் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு அவை 15 கரியமில வாயுவாகின்றன. புதிதாக 15 ஹைட்ரஜன் கிடைக்கிறது. இப்போது 15-க்கு 30, விகிதம் சரி. ஆனால் பாதிக் கார்பன் போயே போய்விட்டது! எடைக்கணக்கில், ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 1.4 டன் கரியமில வாயு இந்த ஒரு வினையிலேயே வந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி, நீராவிக்கும் மின்சாரத்துக்கும் கொதிகலனில் எரிக்கும் நிலக்கரியின் புகை.

இந்த இரண்டும் ஒன்றல்ல. கொதிகலன் புகையில் கரியமில வாயு 15 சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். வினையில் வருவதை ஆலையே குளிர்ந்த கரைப்பானால் கழுவிப் பிரித்துவிடுகிறது, அடுத்த கட்டத்துக்கு அது தேவைப்படாததால். ஆக, கையில் சிக்கிய, ஏறக்குறைய தூய்மையான வாயுவைத்தான் பல ஆலைகள் வானத்தில் விடுகின்றன. கரியமில வாயுவை நிலத்தடியில் புதைப்பதென்றால் இதிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

வேறொரு வழி, ஹைட்ரஜனை வெளியிலிருந்து கொண்டுவருவது. 45 மூலக்கூறு சேர்த்தால் 30 கார்பனும் மெத்தனாலாகும், அதே நிலக்கரியில் இரு மடங்கு. சீனாவின் நிங்ஷியாவில் சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து இப்படிச் சேர்க்கிறார்கள். ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 94 கிலோ ஹைட்ரஜன். கிலோவுக்கு 50 யூனிட் என்றாலும் 4,700 யூனிட் மின்சாரம். அந்த மின்சாரம் அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால், அங்கே வெளியேறுவது மட்டுமே 4 டன்னைத் தாண்டும்.