பழைய ராக் ஒலிநாடாவை ஓடவிடும் முன்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த ஒரு ரீல் கைக்குக் கிடைத்தால், அதை எங்காவது ஒரு டேப் ரெக்கார்டரில் ஏற்றிக் கேட்டுப் பார்க்கும் ஆவல் யாருக்கும் எழும். பழைய ஒலிநாடாக்களிலிருந்து பதிவுகளை மீட்டெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நான் பார்த்தவரையில், காலம் செய்த கேட்டைவிட அந்த ஆவல் செய்த கேடே அதிகம்.

புரோகிரசிவ், சைகடெலிக் ராக் குழுக்களின் கச்சேரி நாடாக்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அவர்களில் பலர் மேடையில் ஆல்பத்தை அப்படியே ஒப்பித்தவர்கள் அல்லர். ஒரு நாள் ஐந்து நிமிடத்தில் முடிந்த பாடல் மறுநாள் மனோதர்மமாக இருபது நிமிடம் நீளும். பிரிட்டிஷ் குழுவான கிங் கிரிம்சனின் முதல் அணி 1969 ஜனவரியில் ஒன்றுகூடி, அதே ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் கச்சேரிகளோடு கலைந்தது. அந்த அணி முழுமையாக முடித்த ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றே ஒன்றுதான் என்பதால், 1997இல் ‘எபிடாஃப்’ என்ற கச்சேரித் தொகுப்பு வெளிவந்தபோதுதான் அவர்களின் மேடை மூர்க்கத்தைப் பலரும் ஓரளவு நல்ல தரத்தில் கேட்டார்கள். ஜெர்மனியின் கான் குழுவுடைய வைலர்ஸ்விஸ்ட் ஸ்டுடியோவை குரோனாவ் நகரின் ராக் அருங்காட்சியகத்துக்கு விற்றபோது, அங்கே மறந்துபோன நாடாக்கள் குவியலாக அகப்பட்டன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவையே 2012இல் மூன்று தட்டுகளாக வெளியாயின. பிபிசியோ, நாடாவை மறுபடி பயன்படுத்துவதற்காகத் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்துவிட்டது. அவற்றில் சில, வானொலியிலிருந்து வீட்டில் பதிவு செய்துகொண்ட நேயர்களின் புண்ணியத்தில் தப்பியவை.

நாடாவின் வயதை மட்டும் வைத்து அதன் நிலையைக் கணிக்க முடியாது. 1967இல் பதிவான ரீல் ஒன்று சிக்கலின்றி ஓடும்; 1977இல் பதிவானது ஓட மறுக்கும். எழுபதுகளிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற பின்பூச்சுள்ள நாடாக்களில் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கத் தொடங்குகிறது. அத்தகைய நாடாவை ஓடவிட்டால் கிறீச்சிடும், இழுபடும், சில நேரம் நின்றே போகும். நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட்டின் மேல் படியும் பழுப்புப் பிசின் வெறும் அழுக்கன்று, பதிவே உரிந்து வந்திருக்கிறது. ஒருவர் வீட்டில் ‘சும்மா ஒரு முறை’ ஓட்டிப் பார்த்தபின் கொண்டுவந்த டெமோ ரீலில், முதல் பாடலின் தொடக்கத்தில் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஒலி வலப்பக்கம் முழுவதுமாக மங்கியிருந்தது. அவர் நிறுத்திய இடத்தைத் தாண்டியதும் அதே சிம்பல் பளிச்சென்று கேட்டது.

இதற்கு மருந்து உண்டு. வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் ஆய்வக அடுப்பில் ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து எடுத்து, மெல்ல ஆறவிட்டால், நாடா சில வாரங்களுக்காவது ஒழுங்காக ஓடும். சமையலறை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ இதை முயல வேண்டாம். அதைவிட முக்கியமாக, அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய வகை நாடாவைச் சூடாக்கவே கூடாது. அது சுருங்கி, நெளிந்து, மீட்கவே முடியாமல் போகும். ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அசிட்டேட் சுருளின் ஊடே ஒளி தெரியும், பாலியெஸ்டர் இருண்டு நிற்கும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டேட்டேதான், சிதையவும் தொடங்கிவிட்டது.

நாடா ஓடத் தயாரானபின், இயந்திரத்தின் ஹெட் சாய்வை அந்த நாடாவுக்கு ஏற்பத் திருத்தி, எந்த இரைச்சல் நீக்கமும் செய்யாமல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர் துல்லியத்தில் ஒரு டிஜிட்டல் பிரதி எடுத்து வைப்பதே முதல் வேலை. மெருகேற்றுவதெல்லாம் அதன் நகலில்தான். வேகம் சரியா என்பதற்கு நான் பதிவில் கலந்திருக்கும் மின்சார ரீங்காரத்தையே முதலில் தேடுவேன்: வேகம் சரியாக இருந்தால் அது பிரிட்டனில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியை நம்பிச் சுருதி திருத்துவது வீண். அந்தக் கருவியே விசைக்கு ஒரு நாடாத் துண்டு வீதம் ஓட்டி ஒலியெழுப்புவது, அதன் சுருதி மேடையிலேயே அலைந்தது.

டிஜிட்டல் பிரதி வந்ததும் ரீலைத் தூக்கியெறிபவர்களுக்கு கிரேட்ஃபுல் டெட் குழுவின் கதையைச் சொல்வேன். ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்த நாடாக்கள், கிடங்கு வாடகை கட்டப்படாததால் 1986இல் ஏலம் போயின. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று நடந்த கச்சேரி உள்ளிட்ட பல நாடாக்கள் பின்னர் குழுவின் பெட்டகத்துக்குத் திரும்பி வந்தன. அந்தக் கச்சேரி 2017இல் முறையாக வெளியானது. அதன் வேகத் தடுமாற்றத்தைத் திருத்திய பிளாஞ்சென்ட் முறை, பதிவின்போது நாடாவில் சேரும், காதுக்கு எட்டாத பயாஸ் சமிக்ஞையை அளவுகோலாகக் கொள்கிறது. அந்தச் சமிக்ஞை சாதாரண டிஜிட்டல் பிரதியிலோ கேசட் நகலிலோ கிடைக்காது, அசல் நாடாவில்தான் கிடைக்கும்.

ரசிகர்கள் அரங்கில் ஒளித்துவைத்துப் பதிவு செய்த கேசட்டுகளையும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். மைக் மில்லார்டு சக்கர நாற்காலியில் கருவிகளை மறைத்து எடுத்துச் சென்று பதிவு செய்தவர்; 1975 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் பிங்க் ஃப்ளாய்டு நடத்திய கச்சேரியின் அவரது பதிவை, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செப்பனிட, 2025இல் குழுவே வெளியிட்டது. கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு பெரும்பாலும் பசை விட்டு விழுந்திருக்கும். ஒலி மங்கிக் கேட்டால் பதிவைக் குறை சொல்லும் முன் அதைப் பாருங்கள். பரிமாறிக்கொள்ளும்போது, ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் கோப்பாகக் கொடுங்கள். எம்பி3 ஆக்கிய பின் இழந்தது திரும்பாது. எந்தக் கேசட்டிலிருந்து எந்த இயந்திரத்தில் எடுத்தது என்ற குறிப்பும் உடன் இருக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, வெளியிடப்பட்ட பதிவுக்கு 70 ஆண்டு உரிமை. 50 ஆண்டுக்குள் வெளிவராத பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிங்க் ஃப்ளாய்டின் எழுபதுகளின் தொடக்கக் கச்சேரிகள் பல 2021, 2022 டிசம்பர் மாதங்களில் ஓசையின்றி ஸ்ட்ரீமிங்கில் வந்து சேர்ந்ததற்கு இதையே காரணமாகக் கருதுகிறார்கள். ஆண்டுக் கடைசியில் அவசரமாக எடுக்கப்படும் பிரதியில் நான் மேலே சொன்ன நிதானம் எதுவும் இருக்காது. 1977இல் பதிவாகி இதுவரை வெளிவராத கச்சேரிக்கு அந்தக் கெடு 2027 இறுதியில் முடிகிறது. அத்தகைய ரீலை வைத்திருப்பவர் கடைசி டிசம்பர் வரை காத்திராமல் இப்போதே ஒரு மீட்பாளரிடம் காட்டுவது நல்லது. பெட்டியையும் அதன் முதுகில் பென்சிலால் எழுதியுள்ளதையும் அப்படியே கொண்டுவர வேண்டும். நாடாவின் வேகம் பெரும்பாலும் அங்கேதான் குறிக்கப்பட்டிருக்கும்.