ரோஸ்ட்டின் நடுச்சிவப்பைக் கண்டு பயப்படுகிறீர்களா?

பிரிட்டனில் உணவகச் சமையலறைகளில் வேலை செய்பவர்களுக்கு உணவுச் சுகாதாரப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அது தெரிந்ததும் நம்மவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: "நடுவில் சிவப்பாக இருக்கிற மாட்டிறைச்சியைச் சாப்பிடலாமா?" சூப்பர்மார்க்கெட்டில் விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றரைக் கிலோ டாப்சைடு (மாட்டின் பின்தொடை) துண்டை ஆசையாக வாங்கிவிடுவார்கள். சின்னச் சின்னதாக வெட்டிக் குழம்பு வைக்க மனசு வராது. இந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் செய்வதுபோல முழுசாக ஓவனில் வைக்கவும் பயம்.

சாப்பிடலாம். முழுத் தசைத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். வெளிப்பக்கம் எல்லாப் புறமும் நன்றாகச் சிவந்து வெந்துவிட்டால், நடுவில் ரோஜா நிறம் இருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் லேபிளில் 'ரோல்டு' என்று போட்டிருந்தால் கணக்கு வேறு. எலும்பை எடுத்துச் சுருட்டும்போது வெளிப்பக்கம் உள்ளே போய்விடும், கிருமியும் கூடவே போகும். அதன் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடமாவது நிற்க வேண்டும். கொத்திய இறைச்சிக்கும் பர்கருக்கும் இதே கணக்குத்தான். நூல் கட்டியிருப்பதெல்லாம் சுருட்டியது என்று நினைக்க வேண்டாம், டாப்சைடுக்கு உருவம் குலையாமல் இருக்கவும் நூல் கட்டுவார்கள். லேபிளைப் படியுங்கள், சந்தேகம் என்றால் முழுக்க வேகவைத்துவிடுங்கள். கர்ப்பிணிகள், வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு எந்தத் துண்டானாலும் சிவப்பு வேண்டாம்.

சரி, எப்படி வாட்டுவது? முதல் நாள் இரவே உப்பும் இடித்த மிளகும் தடவி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உறைந்த துண்டென்றால் அதற்கும் ஒரு நாள் முன்னாலேயே ஃப்ரீசரிலிருந்து பிரிட்ஜுக்கு இறக்க வேண்டும். குழாயடியில் கழுவ வேண்டாம். கழுவினால் கிருமி போகாது, தெறித்துப் பக்கத்தில் இருக்கும் சாலட் தட்டில் விழும். மஞ்சள் போட்டுக் கழுவியே பழகிய அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருந்தால் இதைச் சொல்லத் தனித் தைரியம் வேண்டும், தெரியும்.

தட்டில் தடித்த வெங்காய வளையங்களும் கேரட்டும் பரப்பி அதன்மேல் இறைச்சியை வையுங்கள். 220 டிகிரியில் 20 நிமிடம். அப்புறம் 180க்குக் குறைத்து, ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் சுமார் 20 நிமிடம். ஒன்றரைக் கிலோ துண்டுக்கு இரண்டும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஒவ்வொரு ஓவனுக்கும் ஒரு குணம். கடிகாரத்தை நம்புவதைவிட, இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். தடித்த இடத்தின் நடுவில் குத்துங்கள். 55 காட்டும்போது எடுத்தால், வெளியே இருக்கும்போதே 60ஐத் தொடும், நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும். சிவப்பே வேண்டாம் என்றால் 70 தாண்டும்வரை விடுங்கள், டாப்சைடு கொஞ்சம் வறண்டுதான் போகும். அலுமினியத் தாளால் தளர்வாக மூடி 20 நிமிடம் விட்டு, நாருக்குக் குறுக்கே மெலிதாக அரியுங்கள். தட்டில் இறங்கிய சாற்றில் ஒரு கரண்டி மாவும் வெந்நீரும் கலந்து கொதிக்கவிட்டால் கிரேவி ரெடி.

சிவப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், சாப்பாடு முடிந்த பிறகு நடப்பதைக் கவனிப்பதே இல்லை. இரண்டு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு டீ, விருந்தாளிகள் கிளம்ப எட்டு மணி. மீதி இறைச்சி தாளுக்கு அடியிலும், கிரேவி மூடி போட்ட பாத்திரத்தில் அடுப்பின் மேலும் அப்படியே கிடக்கும். "ஆறட்டும், அப்புறம் எடுத்து வைக்கலாம்." உணவகங்களில் பெரிய அண்டாவில் கறி வைத்து ராத்திரி முழுக்க வெளியே விடுகிறார்களே, அதே தவறின் வீட்டுப் பதிப்பு இது.

அங்கே வேலையைக் காட்டுவது க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. இதன் வித்துகள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவம், கொதிநீரிலும் சாகாது. சமையலின் சூடு மற்ற கிருமிகளைக் கொன்று, பாத்திரத்திலிருக்கும் ஆக்சிஜனையும் விரட்டி, வித்துகளை எழுப்பிவிடுகிறது. காற்றில்லாத இடம்தான் இதற்குப் பிடிக்கும். கெட்டிக் கிரேவியின் அடியும் பெரிய துண்டின் நடுவும் அப்படிப்பட்ட இடங்கள். 43 முதல் 47 டிகிரி வரையான சூட்டில் இது ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று இரண்டே மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுக்கும், கூடவே பேதி. அப்போது எல்லோரும் என்ன சொல்வார்கள்? "நேற்று இறைச்சி சரியாக வேகவில்லை."

ஆகவே மேசையை விட்டு எழும்போதே மிச்சத்தைக் கவனியுங்கள். முழுத் துண்டாக ஆறவிடாமல் அரிந்து அகலமான தட்டில் பரப்புங்கள். கிரேவியை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஆவி அடங்கியதும், ஒன்றரை மணி நேரத்துக்குள், மூடி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இளஞ்சூடாக வைத்தால் பிரிட்ஜ் கெட்டுப்போகும் என்ற பயம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஒரு அண்டாவை உள்ளே தள்ளினால்தான் பிரச்சினை. பிரிட்ஜ் 5 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். இரண்டு நாளுக்குள் சாப்பிட முடியாததை அன்றைக்கே ஃப்ரீசரில் போடுங்கள்.

மறுநாள் சாப்பாட்டுக்கு யோசிக்கவே வேண்டாம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, அரிந்த இறைச்சியை விரல் அகலத்துக்கு நறுக்கிப் போட்டு, மிளகுத்தூள் தூவிப் பிரட்டினால் பத்து நிமிட வேலை. பரோட்டா மிச்சம் இருந்தால் முட்டையும் சேர்த்துக் கொத்திவிடலாம். வெள்ளைக்காரர்கள் மிச்ச இறைச்சியைப் பொடியாகக் கொத்தி, கிரேவியில் கொதிக்கவைத்து, மேலே மசித்த உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்டு காட்டேஜ் பை ஆக்குவார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எதைச் செய்தாலும் நடுவரை ஆவி பறக்கச் சூடாக வேண்டும், ஓரம் மட்டும் சுட்டால் போதாது.

இன்னொன்று, நம் நாக்குக்கு டாப்சைடைவிட பிரிஸ்கெட்தான் பொருத்தம் என்பது என் கட்சி. மாட்டின் நெஞ்சுப் பகுதி, கொழுப்பும் சவ்வும் அதிகம். அவசரமாக வாட்டினால் ரப்பர். ஒரு கிலோ துண்டைக் குக்கரில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, வெங்காயம், தக்காளி, வறுத்துப் பொடித்த மல்லி, மிளகு, சோம்பு, இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். சவ்வு கரைந்து குழம்பு தானாகவே கெட்டியாகும், இறைச்சி கரண்டி பட்டாலே நார் நாராகப் பிரியும். இதில் சிவப்பா, சிவப்பில்லையா என்ற கேள்வியே வராது. ஆனால் குக்கரை மூடியபடியே ராத்திரி முழுக்க அடுப்பில் விடக் கூடாது. ஆவி போனதும் திறந்து, மீதியை அகலமான பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.