எடை சொல்லாத அரிப்பு

எரிபொருள் கலத்துக்கான இரண்டு எவர்சில்வர் தகடுகளை உலையில் சோதித்து எடை போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றுக்குக் கோபால்ட் பூச்சு உண்டு, மற்றது வெறும் தகடு. 850 டிகிரியில், ஈரக்காற்றில் இரண்டு நாள் இருந்தவை. வெறும் தகட்டின் எடைதான் குறைவாக ஏறியிருந்தது. "பூச்சே வேண்டாம் போல சார்" என்றார் பயிற்சிக்கு வந்த தம்பி. "உலைக்குழாயின் வாயைப் பாருங்க" என்றேன். காற்று வெளியேறிக் குளிரும் இடத்தில் மஞ்சள் கறை.

அரிப்பு என்றால் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எடை கூடும் என்றே படித்திருக்கிறோம். இங்கே ஒருபக்கம் ஆக்சிஜன் ஏற, மறுபக்கம் எவர்சில்வரில் உள்ள குரோமியம் ஆவியாகிப் போகிறது. குழாய் வாயில் படிந்த மஞ்சள் அதுதான். வரவும் செலவும் கழிந்து, மிச்சம் மட்டும்தான் தராசில் தெரியும். பூசிய தகட்டில் 600 நானோமீட்டர் கோபால்ட் முழுவதும் ஆக்சைடானாலே சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லிகிராம் ஏறிவிடும். அது நட்டமல்ல, பூச்சு பக்குவமாகும் விதம்.

எரிபொருளிலிருந்து அதிக சூட்டில் நேரடியாக மின்சாரம் எடுப்பவை திட ஆக்சைடு எரிபொருள் கலங்கள். அவற்றில் ஒரு கலத்தை அடுத்ததோடு இணைக்கும் தகடு இது, சுமார் 22 சதவீதம் குரோமியம். சமையலறையில் பாத்திரத்தைத் துருவிலிருந்து காக்கும் அதே குரோமியம் ஆக்சைடு தோல்தான் இங்கும். ஆனால் 600 முதல் 850 டிகிரியில் ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்தால், தோல் மெல்ல வாயுவாகிக் கிளம்பிவிடும். பிறகு கலத்தில் காற்று படும் மின்முனையில், ஆக்சிஜன் வேலை செய்யவேண்டிய இடங்களிலேயே திரும்பத் திடமாகப் படியும். மின்முனையில் ஸ்ட்ரான்சியம் இருந்தால் அதைப் பிடித்து ஸ்ட்ரான்சியம் குரோமேட்டாகவும் மாறும். தகடு பளபளவென்றிருக்க, வோல்டேஜ் மட்டும் நாளுக்கு நாள் இறங்கும்.

கோபால்ட்டோ மாங்கனீசு-கோபால்ட் கலவையோ பூசினால், சூட்டில் அது மின்சாரம் கடத்தும் ஆக்சைடாகி, குரோமியத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். அது நடக்கிறதா என்று அறிய எடை போதாது. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக முறை எனக்குப் பிடித்தது: வெளியேறும் காற்றை சோடியம் கார்பனேட் பூசிய குழாய் வழியே விட்டு, சிக்கிய குரோமியத்தைக் கழுவி அளக்கிறார்கள். உலர்ந்த சிலிண்டர் காற்றில் சோதித்த முடிவுகளை நான் நம்புவதில்லை. 30 டிகிரி வெயிலில், 75 சதவீத ஈரப்பதத்தில் சென்னைக் காற்றிலேயே 3 சதவீதம் நீராவி இருக்கும்.

ஒருமுறை ஸ்டாக் ஒன்று, அதாவது கலங்களை அடுக்கிய தொகுதி, வேகமாகச் சோர்ந்தது. பழி பூச்சின் மேல். தகட்டை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூச்சு குறையில்லாமல் இருந்தது. காற்றைச் சூடாக்கிக் கொண்டுவரும் குழாய்தான் பூசாத சாதாரண எவர்சில்வர்; குரோமியம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. தகட்டுக்குச் செலவழித்த கவனம் குழாய்க்குப் போகவில்லை. இத்தனைக்கும் குழாய் மின்சாரம் கடத்த வேண்டியதில்லை. அலுமினியம் கலந்த உலோகத்தைப் போட்டிருந்தால், கடத்தாத அலுமினா தோலே காவலாக இருந்திருக்கும்.

அந்தக் குழாயைச் சுற்றியிருந்த வெப்பக்காப்புப் பஞ்சைப் பிரித்தபோதும் அதே மஞ்சள். தம்பி ஏர் கன்னை எடுத்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அது கால்சியம் குரோமேட்டாக இருக்கலாம், ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. ஊதினால் அறை முழுக்கப் பரவும். முதலில் முகக்கவசமும் கையுறையும் போட்டோம். பஞ்சை நனைத்து, பையில் கட்டி, அபாயக் கழிவு என்று எழுதி ஒட்டினோம்.