விண்டோஸ் 11 போடச் சொல்வதற்கு முன்னால்

“விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாம்ங்க, இனிமே கம்ப்யூட்டர் ஓடாதாம். ஒரு 11 போட்டுக் குடுத்துடுங்க.” தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சர்வீஸ் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். போட்டுக் கொடுப்பது பெரிய வேலை கிடையாது. போட்ட மெஷின் பத்து நாளில் திரும்பி வரும்போதுதான் வயிறு எரிகிறது. கணக்கு மென்பொருளான டேலி லைசென்ஸ் கேட்கிறது, எடை மேடையில் எண் வரவில்லை, குழந்தையின் போட்டோ எல்லாம் டெஸ்க்டாப்பில் இருந்ததாம், முன்பைவிட ஸ்லோவாகிவிட்டதாம். கேட்காமல் போட்டவர்மேல் பாதிக் குற்றம், எதையும் சொல்லாமல் போடச் சொன்னவர்மேல் மீதிப் பாதி.

தேதி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. மெஷின் அன்றோடு நிற்காது, ஃபைல் திறக்கும், பிரிண்ட் வரும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் 2017 மே மாதம் வந்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸை நினைத்துப் பார்க்கலாம். அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் அந்த வருடம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

உடனே ஓட வேண்டிய அவசரமும் இல்லை. வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 10 மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. மெஷினில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். செட்டிங்ஸை ஒன்டிரைவில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் பணம் கிடையாது. வேண்டாம் என்றால் 1,000 ரிவார்ட்ஸ் பாயிண்ட் அல்லது 30 டாலர் மதிப்புள்ள கட்டணம். டொமைனில், அதாவது கம்பெனி நெட்வொர்க்கில், சேர்த்திருக்கும் ஆபீஸ் மெஷின்களுக்கு இந்த வழி பொருந்தாது, அவற்றுக்குத் தனிக் கட்டணம். யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இப்போது அந்த “ஸ்லோ” கதைக்கு வருவோம். புது விண்டோஸ் போட்டால் வேகம் வந்துவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் 10 ஓடினாலும் மெதுவாகத்தான் ஓடும், 11 போட்டால் இன்னும் மெதுவாக ஓடும். லோ வோல்டேஜில் திணறுகிற போர் மோட்டாருக்குப் புது ஸ்டார்ட்டர் மாட்டினால் தண்ணீர் ஏறுமா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெஷின் ஆன் ஆன கையோடு ‘டிஸ்க்’ என்ற வரிசையைப் பாருங்கள். எதுவும் செய்யாமலே ஐந்து நிமிடம் 100 சதவீதத்தில் நிற்கிறதா? நோய் அங்கே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்க, ஊசி ஒவ்வொரு தடவையும் நகர்ந்து போக வேண்டும். நொடிக்கு நூறு நூற்றைம்பது தடவைக்கு மேல் அதனால் முடியாது. சுழலும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையைப் பல்லாயிரம் தடவை செய்யும். விண்டோஸ் ஆன் ஆவது என்பதே அப்படிச் சின்ன ஃபைல்களைப் படிக்கிற வேலைதான். ஆகவே வேகம் வேண்டுமென்றால் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, ராம் 8 ஜிபி. அதே விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டே இரண்டையும் மாற்றிப் பாருங்கள், 11 வேண்டும் என்ற ஆசையே பாதிப் பேருக்குப் போய்விடும். மைக்ரோசாஃப்ட் ‘4 ஜிபி போதும்’ என்று எழுதியிருப்பது இன்ஸ்டால் ஆவதற்கான கணக்கு. நீங்கள் குரோமில் ஆறு டேப் திறந்து வைத்து டேலியும் ஓட்டுவதற்கான கணக்கு அது அல்ல.

இன்னொன்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். நீலம் என்றால் சரி. மஞ்சளில் எச்சரிக்கை காட்டி, 05 அல்லது சி5 என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால், அந்த டிஸ்க்கின் மேல் எந்த அப்கிரேடும் செய்யாதீர்கள். பல ஜிபி எழுதி அழித்து மறுபடி எழுதுகிற வேலை அது. நோஞ்சான் டிஸ்க் பாதியில் படுத்துவிடும். முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள், பிறகு டிஸ்க்கை மாற்றுங்கள்.

உங்கள் மெஷின் 11-க்குத் தகுதியா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளே போதும். அது ‘இல்லை’ என்று சொன்னால் காரணத்தையும் படியுங்கள், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காரணம் பிராசஸர் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்டெலில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் பட்டியலில் வரும். ஐ3-யா ஐ5-யா ஐ7-ஆ என்பது இங்கே பேச்சே இல்லை, அதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-6500 என்றால் 6-ஆம் தலைமுறை, தகுதி இல்லை. ஐ3-8100 என்றால் 8, தகுதி உண்டு. ஐ5-10400 என்றால் 10. ஓசூரிலிருந்து ஒரு நடை பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குகிறவர்கள், ‘ஐ7 சார், விண்டோஸ் 11 போட்டே தர்றோம்’ என்ற பேச்சைக் கேட்டால் இந்த எண்ணை முதலில் விசாரியுங்கள்.

காரணம் டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்) அல்லது செக்யூர் பூட் (ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) என்று வந்து, பிராசஸர் சரியாக இருந்தால், புது மெஷின் வாங்கப் பையைத் தூக்காதீர்கள். அசெம்பிள் செய்த மெஷின்களில் டிபிஎம் பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுமுன் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், ஆன் செய்தால் போதும். செக்யூர் பூட்டில் மட்டும் கை வைக்குமுன் ஒரு நிமிடம். ஸ்டார்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். லெகசி என்று இருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது என்று அர்த்தம். அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றாமல், செக்யூர் பூட்டுக்காகப் பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறைக்கு மாற்றினால் விண்டோஸ் ஆன் ஆகாது. டேட்டா அழியாமல் மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். பேக்கப் எடுக்காமல் இதைச் செய்கிறவர்களுக்குத் தைரியம் அதிகம், வேறென்ன சொல்ல.

தகுதி இல்லாத மெஷினில் அந்தத் தகுதிச் சோதனையைப் பைபாஸ் செய்து 11 போட்டுத் தருகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஓடும், பொய் சொல்லவில்லை. ஆனால் அப்டேட் வந்தே தீரும் என்ற உத்தரவாதம் அந்த மெஷினுக்கு இல்லை. வருடா வருடம் வருகிற பெரிய பதிப்பு அதற்குத் தானாக வராது, ஒவ்வொரு தடவையும் கையால் திணிக்க வேண்டும். 24எச்2 பதிப்பு கோர் 2 டுவோ மாதிரிப் பழைய பிராசஸர்களில் பூட்டே ஆகாது, அங்கே எந்தப் பைபாஸும் செல்லாது. பாதுகாப்பு அப்டேட் வேண்டும் என்பதற்காக மாறப்போய், அப்டேட் நிச்சயமில்லாத இடத்தில் போய் உட்காருவதில் என்ன லாபம்? 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்த அந்த நாளைய அரசு லேப்டாப்புகள் அநேகமாக எல்லாமே இந்த வகைதான். ராமும் எஸ்எஸ்டியும் போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினால் படிப்பதற்கும் யூடியூப் பார்ப்பதற்கும் நன்றாகவே உழைக்கும். டேலி ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்த வழி வேண்டாம்.

தொழில் நடக்கிற இடங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மெஷினோடு என்னவெல்லாம் இணைந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதாமல் முடிவெடுக்காதீர்கள். கிரானைட் குவாரியிலும் மாங்கூழ் ஆலையிலும் எடை மேடைக் கம்ப்யூட்டர் காம் போர்ட் என்ற பழைய சீரியல் இணைப்பு வழியாக எடையைப் படிக்கிறது. ஓசூர் சிப்காட் பட்டறைகளில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின்களுக்கு புரோகிராம் அனுப்புவதும் அதே போர்ட்தான். புது மெஷினில் அந்த போர்ட் இருக்காது, யூஎஸ்பி கன்வெர்ட்டர் போடுவார்கள். அதில் பழைய பிஎல்2303 சிப் இருந்தால் விண்டோஸ் 11-இல் டிரைவர் ஏறும், ஆனால் வேலை செய்யாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு, இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். எடை மேடைக்காரரைக் கூப்பிட்டு முக்கால் நாள் திட்டுவார்கள், அவர்மேல் தவறே இருக்காது. எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வெர்ட்டர் வாங்கினால் தீர்ந்தது.

விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. மண்டிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள்கள் 16 பிட் ஆக இருந்தால் அதில் நேரடியாகத் திறக்காது. அப்படி ஒரே ஒரு வேலைக்காக நிற்கிற மெஷினை விட்டுவிடுங்கள். இன்டர்நெட் வயரைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, கண்ட பென்டிரைவையும் சொருகாமல் அப்படியே ஓடவிடுங்கள். ஜிமெயிலும் பேங்க்கும் வேறு மெஷினில் பாருங்கள்.

டேலி வைத்திருப்பவர்கள் ஃபார்மட்டுக்கு முன்னால் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று டேலிக்குள்ளேயே பார்த்து, அதை முழுதாக எடுங்கள். இ-சேவை மையக்காரர்கள் கைரேகைக் கருவியை ஆதாரோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் மென்பொருள் விண்டோஸ் 11-க்கு இருக்கிறதா என்று கருவி தயாரித்தவரின் தளத்தில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு டிரைவர் மட்டும் மறுபடி போட்டால் போதும். அதை ‘இனிஷியலைஸ்’ செய்கிற பட்டனை மட்டும் தொட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சர்டிஃபிகேட் அழிந்துவிடும், மறுபடி பணம் கட்டி வாங்க வேண்டும். டைப்பிங் சென்டர்களும் பத்திரம் எழுதுகிறவர்களும் வானவில், பாமினி மாதிரி எழுத்துருக்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஃபைலை மட்டும் எடுத்து எழுத்துருவை விட்டால், கிரயப் பத்திரம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அது வைரஸ் கிடையாது.

எப்போது மாற்றுவது? மாதத்தில் 20-ஆம் தேதி தாண்டிய பிறகு. 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி கணக்குகள் கழுத்தை நெரிக்கிற நாட்களில் மெஷினைக் கழற்றாதீர்கள். மாம்பழ சீசன் நடக்கும்போது மண்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், ஆகஸ்டில் வாருங்கள்.

டேட்டா விஷயம். டி டிரைவில் காப்பி போட்டிருக்கிறேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கில் போட்ட இரண்டு கோடுகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும், இன்ஸ்டால் செய்யும்போது ஒரு டெலிட் தப்பாக விழுந்தாலும் போகும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி-யில்தான் இருக்கின்றன. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, அதை வேறொரு மெஷினில் சொருகி, நான்கு ஃபைலாவது திறந்து பாருங்கள். பிறகுதான் அது பேக்கப்.

விண்டோஸ் 11-ஐப் புதிதாக, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு போட்டால் டிஸ்க் என்கிரிப்ஷன் மூலம் பூட்டப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 24எச்2-விலிருந்து இது இன்னும் அதிக மெஷின்களில் தானாகவே நடக்கிறது. திறவுகோல் 48 இலக்க எண், அது அந்த அக்கவுண்டில் போய் உட்காரும். கடைக்காரர் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடி உருவாக்கி இன்ஸ்டால் செய்திருப்பார், பாஸ்வேர்டு அவருக்கே மறந்திருக்கும். ஆறு மாதம் கழித்து மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் எதையாவது தொட்டாலோ நீலத் திரை வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். எண் இல்லையென்றால் உலகத்தில் யாராலும் அந்த டேட்டாவை எடுக்க முடியாது, சென்னைக்கு அனுப்பினாலும் சரி. இன்ஸ்டால் செய்து தரும்போது உங்கள் சொந்த மெயில் ஐடியைக் கொடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். ஆனில் இருந்தால் அக்கவுண்டில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற இடத்தில் வையுங்கள். பழைய மெஷினில் பயாஸைத் தொடுவதற்கு முன்னாலும் இதையே பாருங்கள்.

லைசென்ஸ்: உண்மையான விண்டோஸ் 10 இருந்தால் 11-க்கு மாறுவது இலவசம். லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஓட்டவைக்கும் ஆக்டிவேட்டர் என்று சொல்லி, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஃபைலை ஓட்டுவது, பாதுகாப்புக்காக வீடு மாறி வாசல் கதவைக் கழற்றி வைக்கிற வேலை. அதைச் செய்வதாக இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம்.

கடைசியாக, அப்கிரேட் செய்கிற அன்று யூபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி வையுங்கள். மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால், புதிதாக ஃபார்மட் செய்யாமல் மேலேயே அப்கிரேட் செய்திருந்தால், பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரிக்குள் போய் பழைய 10-க்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளும் எடை மேடை, பிரிண்டர், டோக்கன், கைரேகை என்று ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். இடம் நிறைகிறதே என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிட்டு, பதினோராவது நாள் போன் செய்யாதீர்கள்.