கியர்பொக்ஸ் ஒயில் குடிக்காது

இந்த வாரமும் ஒன்று வந்தது. லொறியில் ஏற்றி வந்த வேகன் ஆர் கார். கியரை டி-யில், அதாவது முன்னால் ஓட்டும் நிலையில் போட்டால், உறுமுகிறதே தவிர நகரவில்லை. கியர்பொக்ஸை வடித்துப் பார்த்தால் கொஞ்சம் கருத்த ஒயில், தீய்ந்த வாடை. சொந்தக்காரர் சொன்னது எனக்கு மனப்பாடமாகிவிட்ட வசனம்: "மாசா மாசம் ஒயில் ஊத்திக்கிட்டுத்தான் ஓடினேன் பாஸ், ஒருக்காவும் விட்டதே இல்ல."

மாசா மாசம் ஊற்றவேண்டி வந்தபோதே கராஜுக்கு வந்திருக்க வேண்டும் என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. "ஒயில்னா குறையத்தானே செய்யும்?"

குறையாது. இதை மட்டும் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கும். பழைய இஞ்சின் நிறையக் குடிக்கும், புகையில் தெரியும். பிரேக் ஒயில்கூட பேட் தேயத் தேய மட்டம் இறங்கும். கியர்பொக்ஸில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே எரிவது ஒன்றும் இல்லை. சூட்டில் ஆவியாகிப் போச்சு என்று சொல்லும் மெக்கானிக் பாஸ்மாரும் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். குறைந்திருந்தால் எங்கோ வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். அரை லீற்றர் ஊற்றிவிட்டால் அந்த ஓட்டை அடைபடுமா? அடுத்த முறை ஊற்றும் வரை குறைந்த ஒயிலோடுதானே ரம்பொடை ஏறுகிறீர்கள்? கம்பளையில் இருந்து நுவரெலியாவுக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏற்றம். ஒயில் குறைந்த ஒட்டோ கியர்பொக்ஸ் (தானாகக் கியர் மாற்றுவது) சமதரையில் நல்ல பிள்ளையாக ஓடும்; ஏற்றத்தில் ஒயில் பின்னால் சாய்ந்ததும் அதைச் சுற்ற வைக்கும் பம்ப் காற்றை இழுக்கும். உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயத் தொடங்குவது அங்கேதான். அளவு தெரியாமல் கூடுதலாக ஊற்றினால் இன்னொரு கூத்து: நுரைத்துப் பொங்கி மூச்சுக்குழாய் வழியே வெளியே கக்கும். அதையும் லீக் என்று நினைத்து மறுபடி ஊற்றுவார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊரில் அது லேசு இல்லை. நிறுத்துகிற இடமெல்லாம் சரிவு, சொட்டியதை மழை கழுவிவிடும். பெற்றோல் செட்டோ பள்ளிக்கூட மைதானமோ, சமதரை ஓரிடம் பார்த்து, ஓடி முடித்த சூட்டோடு வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்துவிட்டு ஒரு இரவு விடுங்கள். ஏசி தண்ணீர் காலையில் காய்ந்திருக்கும். ரேடியேட்டர் தண்ணீரும் இளஞ்சிவப்பாக இருக்கலாம், ஆனால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது, இனிப்பு வாடை அடிக்கும். ஒட்டோ கியர் ஒயில் பெரும்பாலும் சிவப்பு, பழசானால் கபிலம். சிவிடி, அதாவது பெல்ட்டில் ஓடும் ஒட்டோ கியர்பொக்ஸின் ஒயில் பச்சையாகவோ தேன் நிறமாகவோகூட இருக்கும், ஆகவே சிவப்பு இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம். அல்டோ போன்ற, கையால் கியர் மாற்றும் மெனுவல் வண்டியின் கியர் ஒயில் தடிப்பு. கந்தக வாடை மூக்கைத் துளைக்கும்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னால் தள்ளிவிடும். நாங்கள் முதலில் பார்ப்பது முன் சில்லுகளுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் சீல், அடித்தட்டின் காஸ்கெட், வடிகால் நட்டின் வொஷர், ஒயிலை ஆற்றும் கூலருக்குப் போகும் ஹோஸ். தோட்டப் பாதையில் ஓடும் வண்டி என்றால் அடித்தட்டில் கல் அடித்திருக்கிறதா என்றும் பார்ப்போம். இங்கே ஒரு வேண்டுகோள்: காட்ட வருவதற்கு முன் சேர்விஸில் கொடுத்து அடிப்பக்கத்தைக் கழுவிவிடாதீர்கள். எங்களுக்கு அந்த அழுக்குத்தான் வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், அடிப்பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தரையில் ஒரு சொட்டும் விழாமல் ஒயில் குறையும் வகையும் உண்டு. ரேடியேட்டருக்குள் கூலர் இருக்கும் வண்டிகளில் உள்ளே வெடித்தால் ஒயிலும் தண்ணீரும் கலந்து ரோஸ் பால் மாதிரி ஆகிவிடும். ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகு திறந்து பாருங்கள். அப்படி இருந்தால் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள்.

பல வண்டிகளில் இப்போது கியர் ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கே இல்லை. ஒயிலைக் குறித்த சூட்டுக்குக் கொண்டுவந்து, வண்டி சமமாக நிற்க, இஞ்சின் ஓட, கீழுள்ள நட்டைக் கழற்றித்தான் மட்டம் பார்க்க வேண்டும். பல டொயோட்டாக்களில் அது 40 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும். நுவரெலியாவின் விடிகாலைக் குளிரில், சரிவில் நின்ற வண்டியைப் பார்த்து "ஒயில் குறைவு" என்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வெளியே சிலிகோன் பூசி அனுப்புகிறவரிடமும்தான். அது உள்ளே உதிர்ந்து வடிகட்டியை அடைத்து வரும் வண்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். லீக் நிறுத்தும் மருந்துப் போத்தல் கொஞ்ச நாளைக்குச் சீலை உப்ப வைக்கும், வேறொன்றும் செய்யாது. ஒயிலின் பெயர் கைநூலில் இருக்கும். ஜப்பான் மொழி புரியாவிட்டால் படம் எடுத்துக் காட்டுங்கள். சிவிடிக்குச் சாதாரண ஒட்டோ ஒயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

டி-யில் போட்டதும் தயங்கி நகர்வது, ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாதது, விசில் போல இரைச்சல், தீய்ந்த வாடை. இதில் எது வந்தாலும் "அட்டனுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" கூடாது. இறக்கத்தில் கியர் பிடிக்காவிட்டால் மிச்சமிருப்பது பிரேக் மட்டும். கடுகண்ணாவையோ ரம்பொடையோ, கீழே போய்ச் சேர்வதற்குள் அதுவும் சூடாகிக் கைவிட்டுவிடலாம். அகலமான இடத்தில் ஒதுங்குங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், சில்லுக்குக் கல் வையுங்கள், இஞ்சினை நிறுத்துங்கள். ஹோஸ் வெடித்திருந்தால் இஞ்சின் ஓட ஓட மிச்ச ஒயிலையும் பம்ப் வெளியே தள்ளிவிடும். சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

அப்புறம் வண்டியைக் கட்டி இழுக்கும் அந்தக் கயிறு. உதவிக்கு வருகிறவர் எல்லாரும் கயிற்றோடுதான் வருகிறார்கள். அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒட்டோ கியரில் இஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். சில்லு மட்டும் உருண்டால் உள்ளே எல்லாம் வறண்டு உரசும். மேலே ஏற்றிப் போகும் லொறியைக் கூப்பிடுங்கள். அது கிடைக்கவே இல்லையா, முன் சில்லு இழுவை வண்டி என்றால் முன்பக்கத்தையும், கேடிஎச் வேன் மாதிரி பின் சில்லு இழுவை என்றால் பின்பக்கத்தையும் தூக்கித்தான் இழுக்க வேண்டும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டிக்கு லொறி மட்டும்தான்.